போர்த்துகீசு தங்கக் காசு: அதுல இருக்கிற நம்பரை மட்டும் நம்பாதீங்க

பழைய போர்த்துகீசு தங்கக் காசுன்னு யாராவது காட்டினா நிறைய பேர் உடனே லென்ஸை எடுத்து எழுத்தைப் படிக்க ஆரம்பிச்சிடுறாங்க, எனக்கு அதுதான் முதல் தப்புன்னு தோணுது. முதல்ல தராசுல வைங்க.

ஏன் சொல்றேன்னா, 4000ன்னு (அப்போதைய போர்த்துகீசு பணமான ரெய்ஸ் கணக்குல) அச்சடிச்ச காசு ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு போர்ச்சுகல் நாட்டுக்குன்னு அடிச்ச மொயெடா, இங்கிலீஷ்காரங்க மொய்டோர்னு சொன்னது, கிட்டத்தட்ட 10.75 கிராம். இன்னொண்ணு பிரேசிலுக்குள்ளயே புழங்கட்டும்னு அடிச்சது, அது 8.06 கிராம்தான். தங்கம் கப்பலேறி வெளிய போயிடக்கூடாதுன்னு வேணும்னே எடையைக் குறைச்சு அடிச்சாங்க. ரெண்டுலயும் ராஜ சின்னமான கேடயத்துக்குப் பக்கத்துல அதே 4000. அதுலயும் அந்தப் பெரிய மொயெடாவோட மதிப்பை 1688ல 4800 ரெய்ஸா ஏத்திட்டாங்க, ஆனா அச்சுல இருந்த நம்பரை மாத்தவே இல்ல! நம்பரை மட்டும் பார்த்து விலை பேசுறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

இதோட ஒட்டின இன்னொரு தப்பு, காசோட மறுபக்கத்துச் சிலுவையோட நாலு மூலையிலயும் ஆர் எழுத்து இருந்தா உடனே பிரேசில் வகைன்னு முடிவு பண்றது. ஆர்னா ரியோ மின்ட் (காசு அடிக்கிற சாலை), பி பாஹியா, எம் மினாஸ், மூணும் பிரேசில் ஊருங்க, அவ்ளோதான். 10.75 கிராம் காசையும் ரியோல அடிச்சிருக்காங்க, அதனால எழுத்து எங்க அடிச்சதுன்னு சொல்லும், எந்த வகைன்னு சொல்லாது.

1722ல ஐந்தாம் ஜோவாவ் ராஜா தன் முகத்தைப் போட்டு அடிக்க ஆரம்பிச்ச வரிசைதான் என் மனசுக்குப் பிடிச்சது. அதுல 6400 ரெய்ஸ் காசு 14.34 கிராம், 22 காரட், அமெரிக்கப் பக்கமெல்லாம் "ஜோ"ன்னு செல்லமா கூப்பிட்ட குடும்பம் இது. இதுல மதிப்பு எங்கயுமே எழுதியிருக்காது, "6400 எங்கய்யா காணோம், டூப்ளிகேட்டா"ன்னு பயப்படாதீங்க. ராஜா பேரையும் வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. ஜோவாவ் 1750ல போயிட்டாரு, அடுத்து ஜோசே 1777 வரைக்கும், அதனால ஜோவாவ் முகத்தோட 1760ன்னு போட்ட காசு வந்தா அது அப்பவே அவுட். மரியா ராணியும் மூணாம் பெத்ருவும் சேர்ந்து நிக்கிற ஜோடி முகம் 1777 முதல் 1786 வரைக்கும்தான், பெத்ரு இறந்ததும் ராணி விதவை முக்காட்டோட தனியா வர்றாங்க. காசுல துக்கத்தைப் பார்க்கிறது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

மானுவேல் ராஜா காலத்து போர்த்துகேஸ்ங்கிற பெரிய காசு, 1499ல தொடங்கினது, குருசாடோங்கிற சின்ன தங்கக் காசு 10க்கு சமம், சுமார் 35 கிராம். எத்தியோப்பியா, அரேபியா, பெர்சியா, இந்தியா எல்லாத்தோட வாணிபத்துக்கும் நான்தான் அதிபதின்னு அதுல எழுதி வச்சிருக்காரு. அதுல வருஷம் கிடையாது, வருஷம் போட்டு ஒருத்தர் வித்தா வாங்காதீங்க. ஹாம்பர்க்ல இதைப் பார்த்தே தங்கம் அடிச்சாங்க, அதுக்கும் பேர் போர்த்துகலேசர்தான், ஆனா அது ஜெர்மன் சரக்கு.

கப்பலை வச்சு காசைச் சொல்றதும் தப்பு. 2008ல நமீபியா கரையில கிடைச்ச போர்த்துகீசு கப்பல்ல 2000க்கும் மேல தங்கக் காசு, பெரும்பாலும் ஸ்பெயின் காசு.

நம்ம ஊர்க்காரங்க பண்றது ஒண்ணு இருக்கு. கோவாவுல புனித தோமையார் உருவம் போட்டு அடிச்ச தங்கக் காசுக்கு சான் தோமேன்னு பேரு, பேரைக் கேட்டதும் மயிலாப்பூர் சாந்தோம்ல அடிச்சதுன்னு நினைச்சிடுறாங்க. சாமி ஒண்ணுதான், மின்ட் கோவா.

கடைசியா, தயவுசெஞ்சு காசைப் பாலிஷ் போடாதீங்க. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக் காசை நகைக்கடையில கொடுத்து ஆசிட்ல முக்கி பளபளன்னு வாங்கிட்டு வந்தாரு, ராஜாவோட சுருள்முடி எல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு, பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுது. செயின்ல மாட்ட வளையம் வச்சு பத்தாசு போட்டது உண்மையிலேயே சேதம். ஆனா காசு நடுவுல ஓட்டை போட்டு தங்கத்தால அடைச்சு, மேல தட்டான் முத்திரை குத்தியிருந்தா அவசரப்பட்டு ஒதுக்கிடாதீங்க, கரீபியன் தீவுகள்லயும் அமெரிக்காவுலயும் எடை குறைஞ்ச ஜோவை அப்படித்தான் சரி பண்ணினாங்க, நியூயார்க் தட்டான் எஃப்ரெய்ம் பிராஷரோட ஈபி முத்திரை இருந்தா தேடித் தேடி வாங்குறவங்க இருக்காங்க.