ஊர் ஊராகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு: நேரத்தைக் கேளுங்கள்

வெளியூர் ஓட்டலில் “என்ன ஸ்பெஷல்?” என்று கேட்பதைவிட, “அண்ணே, எத்தனை மணிக்கு இறக்குவீங்க?” என்று கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போங்கள். ஆம்பூரில் பகல் 12 மணி வாக்கில் பிரியாணி அண்டாவின் தம் உடைத்ததும் (மூடியைத் திறந்ததும்) வாங்கினால் சீரகச் சம்பா உதிரி உதிரியாக, ஆவி முகத்தில் அடிக்கும். 4 மணிக்கு அதே விலைக்கு ஆறிப்போன அண்டாவின் அடிச்சோறுதான். ஹைதராபாத் நிஹாரி என்னும் இறைச்சிக் குழம்பு இரவெல்லாம் சிறுதீயில் வெந்து விடியற்காலையில் இறங்குவது. அலாரம் வைத்து எழுந்து போகலாம், அவ்வளவு ருசி! மதுரைக் கொத்துப் பரோட்டாவுக்குச் சாயங்காலத்துக்கு மேல் போங்கள்.

கேட்டபின் சுட்டுத் தரும் தோசை, ஆம்லெட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் பல கடைகளின் நேரமே மாறிவிடும், அன்றன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.