ஆட்டு மூளைத் திசுவின் விறைப்பை அளக்கும் முறை

மூளைத் திசு குளிர்ந்தால் விறைக்கும், சூடேறினால் இளகும். அதனால் "அறை வெப்பநிலையில் சோதித்தோம்" என்று எழுதுவதில் திருநெல்வேலியில் பொருளே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத ஆய்வகம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; ஐப்பசி மழையில் பல டிகிரி இறங்கிவிடும்.

மேலப்பாளையத்தில் அதிகாலை அறுத்த ஆட்டின் மூளையை உறை கிழியாமல் வாங்குங்கள். பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசலில் மூழ்கவிட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஃப்ரீசர் அறவே வேண்டாம்: பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, செல்கள் உறிஞ்சி உப்பும்.

குளிர்ச்சியோடு இருக்கும்போதே 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. உயரத்தில் வெட்டுங்கள், இளகினால் கத்தியோடு இழுபடும். எல்லாத் துண்டுகளும் மூளையின் ஒரே பகுதியிலிருந்து வரட்டும்.

பிறகு 37 டிகிரி கரைசலில் சில நிமிடம் வையுங்கள். உபரித் துண்டு ஒன்றின் நடுவில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் மெல்லிய கம்பி) செருகிப் பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம், துண்டை அழுத்தி விறைப்பை அளக்கும் இயந்திரத்தின் எஃகுத் தட்டு. அது குளிர்ந்திருந்தால் மெல்லிய துண்டின் சூட்டை உடனே இழுத்துவிடும். திசுவையும் தட்டுகளையும் சேர்த்தே சூடான கரைசல் தொட்டிக்குள் வைத்து அழுத்துவதுதான் சரி.

அழுத்தும்போது திசு தரும் விசை 0.1 நியூட்டனுக்கும் கீழே இருக்கலாம். அதனால் 5 நியூட்டனுக்கு மேற்பட்ட லோடு செல் (விசையை அளக்கும் உணரி) உதவாது. அழுத்தும் வேகத்தை மாற்றாதீர்கள், வேகம் கூடினாலும் திசு விறைப்பாகவே காட்டும். பல வெப்பநிலைகளை ஒப்பிடுவதானால், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதுத் துண்டு வேண்டும். வெப்பநிலை வரிசையைக் கலைத்துப் போடுங்கள். இல்லையென்றால் நேரம் போகப்போகத் திசு கெடுவதும் வெப்பத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.