மல்யுத்த பொம்மைகள்: எந்த வரிசையில் எங்கே பார்த்து விலை பேசுவது

ஒரு மல்யுத்த ஆக்‌ஷன் ஃபிகர் கையில் கிடைத்ததும் பலர் முகத்தைப் பார்த்து இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டு நேராக விலைக்குப் போய்விடுகிறார்கள். ஹல்க் ஹோகன் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. ஹோகன் பொம்மை 1980களிலிருந்து பல கம்பெனிகளின் கையில் பற்பல விதமாக வந்துவிட்டது. எந்த வரிசை, அந்த வரிசை வழக்கமாக எந்த இடத்தில் கெட்டுப்போகும், கூட வந்த சாமான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை.

வரிசையை முதலில் அளவும் பொருளும் சொல்லிவிடும். சுமார் 8 அங்குலம், உள்ளே வெற்றிடம் இல்லாத கனத்த ரப்பர், மூட்டே கிடையாது என்றால் எல்ஜேஎன் கம்பெனியின் ரெஸ்லிங் சூப்பர்ஸ்டார்ஸ். 1984இல் தொடங்கியது. கடைசித் தொகுதி 1989இல் கிராண்ட் டாய்ஸ் பெயரில் கறுப்பு அட்டையில் (பொம்மையை ஒட்டி விற்கும் பின்னட்டை) வந்தது. சுமார் நாலரை அங்குலம், கெட்டி பிளாஸ்டிக், கையையோ இடுப்பையோ இழுத்து விட்டால் ஸ்பிரிங் போல ஒரு பிடி போடும் என்றால் ஹாஸ்ப்ரோ. 1990 முதல் 1994 வரை. மூட்டை மடக்கும்போது கடகடவென்று எலும்பு முறியும் சத்தம் வந்தால் ஜாக்ஸ் பசிஃபிக்கின் போன் கிரன்ச்சிங் வகை. ஜாக்ஸ் 1990களின் நடுவிலிருந்து 2009 வரை டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் உரிமம் வைத்திருந்தது. 2010 முதல் மேட்டல். ஏஇடபிள்யூ என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தின் வீரர்கள் என்றால் 2020இல் ஜாஸ்வேர்ஸ் தொடங்கிய அன்ரைவல்டு வரிசையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

பிறகு முதுகு, தொடையின் பின்புறம், பாதத்தின் அடி இங்கெல்லாம் பொறித்த எழுத்தைத் தேடுங்கள். பழைய டபிள்யூடபிள்யூஎஃப் பொம்மைகளில் அந்த நிறுவனத்தை அப்போது நடத்திய டைட்டன் ஸ்போர்ட்ஸின் பெயர் இருக்கும். அங்கே இருக்கும் ஆண்டைத் தயாரித்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது காப்புரிமை ஆண்டு. ஒரே உடல் அச்சைப் பல ஆண்டுகள் பல வீரர்களுக்குப் போட்டிருப்பார்கள். அட்டை இருந்தால் வேலை இன்னும் சுலபம். 2002 மே மாதத்தில்தான் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயர் டபிள்யூடபிள்யூஇ ஆனது. அதனால் ஜாக்ஸ் பொம்மையின் அட்டையில் எந்த எழுத்து என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்ஜேஎன்: பெயிண்ட்தான் எல்லாம்

இந்தப் பொம்மைகள் லேசில் உடையாது. அதனால் விற்பவர்கள் ‘கண்டிஷன் சூப்பர்’ என்று கூசாமல் சொல்வார்கள். ரப்பர் தாங்கும், மேலே பூசிய பெயிண்ட் தாங்காது. ஒன்றோடொன்று மோத விட்டு விளையாடுவதற்காகவே செய்த பொம்மை என்பதால் துருத்திக்கொண்டு நிற்கும் இடமெல்லாம் முதலில் தேயும். மூக்கு நுனி, புருவ மேடு, முகவாய், தலைமுடியின் ஓரம், விரல் முட்டிகள், முழங்கால் பட்டை, பூட்ஸின் முனை என்று இந்த வரிசையிலேயே பார்த்து வாருங்கள். விற்பவர் முன்பக்கம் ஒரே ஒரு படம் போட்டிருந்தால் மூக்கையும் விரலையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடலாம்.

இந்த வரிசையில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் மறுபூச்சில்தான். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் தகட்டு அச்சு வைத்துத் தெளித்த பெயிண்டின் ஓரம் லேசாகப் புகைபோல மங்கி முடியும். தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும். தூரிகையால் தொட்டுப் பூசியதில் கோடு தெரியும், ஓரத்தில் சின்ன மேடு கட்டியிருக்கும், பளபளப்பும் பக்கத்து இடத்தோடு ஒத்துப்போகாது. பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மூக்கு மட்டும் மின்னுவது தெரிந்துவிடும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் புதுப் பெயிண்ட் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். மறுபூச்சு ஒன்றும் பாவமில்லை. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. மூக்கு தேய்ந்த அசல் பொம்மைக்கும் அழகாகப் பூசிய பொம்மைக்கும் இடையில் முன்னதையே எடுக்கலாம். தேய்ந்ததன் நிலை என்னவென்று கண்ணுக்கே தெரியும், பூசியதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

சாமான்களையும் பாருங்கள். ஜங்க்யார்ட் டாக் கழுத்துச் சங்கிலி, ஜேக் ராபர்ட்ஸின் பாம்பு போன்றவை தொலைவதற்கென்றே பிறந்தவை.

ஹாஸ்ப்ரோ: ஸ்பிரிங் வேலை செய்கிறதா

இங்கே பெயிண்ட் இரண்டாம்பட்சம். உள்ளே இருக்கும் இயக்கம் போய்விட்டால் பொம்மை வெறும் சிலை. கையை அல்லது இடுப்பை அதன் எல்லை வரை மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள். டக்கென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நடுவில் நின்றால் உள்ளே எதோ உடைந்திருக்கிறது அல்லது துரு ஏறியிருக்கிறது. அதற்கு மேல் அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. இணையத்தில் வாங்கினால் சின்ன வீடியோ கேளுங்கள். இந்த வரிசைக்கு நிழற்படத்தைவிட ஐந்து விநாடி வீடியோ அதிகம் சொல்லும்.

துரு ஏன் வருகிறது? முன்னாள் உரிமையாளர் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவியிருப்பார். எல்ஜேஎன்னை அப்படிக் கழுவலாம், ஹாஸ்ப்ரோவைக் கூடாது. தோள் இடுக்கில் செம்பழுப்புக் கறை கசிந்திருந்தால் காரணம் இதுதான். அடுத்து முகத்தையும் மார்பையும் கால்களோடு ஒப்பிடுங்கள். வெயில் பட்ட பிளாஸ்டிக் ஒரு பாகம் மட்டும் மஞ்சளாகும்.

இந்த வரிசையில் அரிதானவை எவை என்று தெரிந்திருப்பது பயன் தரும், ஏனென்றால் போலி அங்கேதான் முளைக்கும். 1991இல் வந்த டஸ்டி ரோட்ஸ், 1994இன் கடைசிப் பச்சை அட்டைத் தொகுதியில் வந்த 1-2-3 கிட் இரண்டும் எப்போதும் தேடப்படுபவை. கமாலா என்ற வீரரின் பொம்மையில், கடைக்கு வந்ததன் வயிற்றில் நட்சத்திரம் இருக்கும். வயிற்றில் பிறைநிலா வரைந்த கமாலா விற்பனைக்கு வராத மாதிரிப் பொம்மை. யாராவது ‘நிலா கமாலா’ என்று சொல்லி அட்டையில்லாமல் லூஸாகக் காட்டினால், நட்சத்திரத்தை அழித்து நிலா வரைய ஒரு மெல்லிய தூரிகை போதும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜேக்கின் பாம்பு, பிரூட்டஸ் பீஃப்கேக்கின் கத்தரிக்கோல், டெட் டிபியாஸியின் பெல்ட் ஆகியவற்றுக்குத் தற்காலத்தில் நகல் ஏராளம். ரெசினில் வார்த்த நகலில் நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும், விளிம்பில் குட்டிக் காற்றுக்குமிழ் தெரியும். முப்பரிமாண அச்சில் எடுத்ததாக இருந்தால் லென்ஸில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். பாம்பைப் போன்ற வளையும் சாமான் அசலில் வளையும். நகல் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும்.

ஜாக்ஸ், மேட்டல்: மூட்டும் மாற்றிப் போட்ட பாகமும்

ஜாக்ஸின் போன் கிரன்ச்சிங் பொம்மையில் ஒவ்வொரு மூட்டையும் மடக்கிக் கேளுங்கள். சத்தமில்லாமல் வழுக்கினால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது, திரும்ப வராது. பின்னால் வந்த கிளாசிக் சூப்பர்ஸ்டார்ஸ் வரிசை 2004இல் தொடங்கியது. அதில் துணி அங்கி, பெல்ட் போன்றவை இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் விலையில் பாதி.

மேட்டலில் பேசிக், எலைட், அல்டிமேட் என்று படிகள் உண்டு. பேசிக்கில் நடு உடல் மடங்காது. எலைட்டில் மடங்கும், கழற்றி மாட்டும் உடைகளும் சாமான்களும் வரும். அல்டிமேட்டில் கூடுதல் தலை, கூடுதல் கைகள் வரும். இதனால் ஒரு தொல்லை: தலையையும் கையையும் சுலபமாகக் கழற்றலாம் என்பதால் இரண்டு பொம்மையை ஒன்றாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்தின் தோல் நிறத்தையும் மார்பின் நிறத்தையும் ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மணிக்கட்டிலும் பாருங்கள். பச்சை குத்தியிருக்கும் வீரர் என்றால் முழங்கையில் கோடுகள் தொடர்கின்றனவா என்று பார்ப்பது இன்னும் துல்லியம்.

கடையில் புதிதாக வாங்கும்போதும் கவனம் வேண்டும். புதுப் பொம்மையை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து ஒட்டிக் கடையில் திருப்பித் தரும் ஆட்கள் உண்டு. பெட்டியின் பின்னால் உள்ள படத்தோடு உடை நிறத்தை ஒப்பிடுங்கள். டேப்பின் ஓரத்தில் அட்டை நார் உரிந்திருக்கிறதா, உள்ளே பொம்மையைக் கட்டிய முறுக்குக் கம்பி தொழிற்சாலை முறுக்காக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முழங்கால் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் மூட்டு ஆணி முறுக்கிக்கொண்டு துண்டாகும், அதற்கு வைத்தியம் கிடையாது. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டுங்கள், அல்லது அந்தக் காலை மட்டும் கொதிக்காத சுடுநீரில் அரை நிமிடம் முக்குங்கள். பிறகு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். நேர்மாறாக, கணுக்கால் தளர்ந்து பொம்மை விழுந்துகொண்டே இருந்தால் மூட்டுப் பந்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சூப்பர் குளூ சிலர் சொல்வார்கள். ஒரு சொட்டு கூடினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

அட்டையோடு வந்தவை

அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலை வெப்பத்தில் அழுத்திய விளிம்பு ஒரே அகலத்தில் தட்டையாக இருக்கும். மறுபடி ஒட்டியதில் பசை பிதுங்கியிருக்கும், அல்லது அட்டையின் அச்சு மேல்தோல் கிழிந்து வெள்ளை தெரியும். குமிழ் மஞ்சளாகி அட்டை மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும், அட்டை மங்கிக் குமிழ் கண்ணாடியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஹாஸ்ப்ரோ அட்டையின் பின்னால் வெட்டி எடுக்கும் வீரர் குறிப்பு இருக்கும்; அதை யாரும் வெட்டவில்லையா என்று திருப்பிப் பாருங்கள். தொங்கவிடும் துளை குத்தப்படாமல் இருந்தால் சிலர் கூடுதலாகத் தருவார்கள். பழைய விலை ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். ஸ்டிக்கர் இருந்தால் குறையும் மதிப்பைவிட, உரிக்கும்போது அட்டைத் தோல் போனால் குறைவது அதிகம்.

ஏஎஃப்ஏ போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் 100க்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் மூடித் தரும். அட்டைக்கும் குமிழுக்கும் பொம்மைக்கும் தனித்தனியாகவும் மதிப்பெண் கொடுப்பார்கள். மொத்த எண்ணைவிட இந்த மூன்றைப் படியுங்கள். அட்டை தூக்கலாகவும் குமிழ் பலவீனமாகவும் இருக்கலாம். சாதாரண மேட்டல் பொம்மையை அனுப்பினால் கட்டணமே பொம்மையின் விலையைத் தாண்டிவிடும்.

விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதே வரிசை, அதே நிலை, அதே சாமானோடு குறைந்தது ஐந்து விற்பனை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு இல்லாத ஜேக்குக்குப் பாம்போடு உள்ள ஜேக்கின் விலையைச் சொல்வதுதான் அன்றாடம் நடக்கும் தில்லாலங்கடி. மேட்டலில் இன்னொரு அபாயம், அரிதாக இருந்த பொம்மையை வேறு வரிசையில் மறுவெளியீடு செய்துவிடுவார்கள், பழையது சரிந்துவிடும். ஜாஸ்வேர்ஸின் எண்ணிக்கை அச்சிட்ட அரிய பதிப்புகளில் பெட்டியும் அந்த முத்திரையும் இல்லாவிட்டால் அரிதுக்கான விலை தர வேண்டியதில்லை.

கழுவுவதும் வைப்பதும்

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ். ஹாஸ்ப்ரோவுக்கு நனைத்துப் பிழிந்த துணி மட்டும். அசிட்டோன் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். மெலமைன் ஸ்பாஞ்சு அழுக்கை எடுப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது மெல்லிய உப்புத்தாள், புருவத்தையும் சேர்த்து எடுத்துவிடும். சிகரெட் வாடை இருந்தால் மூடியுள்ள டப்பாவில் சமையல் சோடாக் கிண்ணத்தோடு, பொம்மைமேல் படாமல், சில நாட்கள் வையுங்கள்.

மென்மையான பிவிசியில் ஒட்டும் பிசுக்கு வந்தால் அது அழுக்கு இல்லை. பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் எண்ணெய் வெளியே வருகிறது. சோப்பு நீரில் கழுவினால் போகும், மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். காற்றோட்டமில்லாத கவரில் அடைத்தால் சீக்கிரமே வரும். ரப்பர் பொம்மைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் சிவப்பு டிரங்க்ஸின் நிறம் பக்கத்து வெள்ளை டிரங்க்ஸில் ஏறிவிடும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஏறும். இரண்டையும் பிறகு எடுக்க முடியாது. வெயில் படாத இடம், அதிக ஈரமில்லாத அலமாரி, அமிலமில்லாத வெள்ளைத் தாள் போதும். அட்டையோடு உள்ளவற்றைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மேலிருப்பதன் கனத்தில் கீழேயுள்ள குமிழ்தான் முதலில் நசுங்கும்.