வாயு வெளியாகும் கணக்கில் எங்கே தவறுகிறது?

பினாங்கில் எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். சிதைவு வினைக் கணக்கில் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கிராமை மோலாக (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) மாற்றியதும் நேராக 24-ஆல், அதாவது அறை நிலையில் 1 மோல் வாயு பிடிக்கும் லிட்டரால், பெருக்கிவிடுகிறார்கள். நடுவில் சமன்பாட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வீட்டில் இருக்கும் ஆப்பசோடாவையே எடுத்துக்கொள்வோம். சோடியம் பைகார்பனேட், 1 மோல் 84 கிராம். சூடாக்கினால் 2 மோல் சிதைந்து 1 மோல் கார்பன் டை ஆக்சைடுதான் தரும். கூடவே சோடியம் கார்பனேட்டும் தண்ணீரும். 8.4 கிராம் என்றால் 0.1 மோல். சரி, வாயு அதில் பாதி, 0.05 மோல். அறை நிலையில் 0.05 × 24 = 1.2 லிட்டர். பாதியாக்க மறந்தால் 2.4 என்று வந்து நிற்கும். அதனால் சமன்பாட்டை எழுதியவுடன் அந்த 2-ஐயும் 1-ஐயும் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள்.

"தண்ணீரும் ஆவியாகத்தானே வருகிறது, டீச்சர்?" என்று சிலர் கேட்பார்கள். அருமையான கேள்வி. அறை வெப்பநிலைக்கு ஆறியதும் அது திரவமாகிவிடும். வாயுவின் கன அளவில் சேர்க்கக் கூடாது. அப்புறம், கேள்வியில் எஸ்டிபி (திட்ட வெப்பநிலை, அழுத்தம்) என்று இருந்தால் 24 அல்ல, 22.4.