குலவாளைத் தேடும் விலங்குக் கதைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைந்துபோன குலவாளை மீட்கப் புறப்படும் விலங்கு வீரர்களைப் பற்றி 15 ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அண்மையில் புதியவர்களின் கையெழுத்துப் படிகள் சிலவற்றைப் படித்தபோது, தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகள் அவற்றிலும் இருக்கக் கண்டேன். பெயர்க் குழப்பம், எழுத்துப்பிழை போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உடலை மறப்பது

என் முதல் நாவலின் நாயகி ஒரு கீரி. பாட்டனாரின் வாளை மீட்ட அவள், எதிரிகள் துரத்த, நாலுகால் பாய்ச்சலில் காட்டைக் கடப்பதாக 300 பக்கங்கள் எழுதி முடித்தபின், அதைப் படித்த 10 வயதுச் சிறுமி, "ஓடும்போது வாள் எங்கே இருந்தது?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. ஓராண்டு உழைப்பை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இன்றும் அதே காட்சியை வேறொருவர் எழுத்தில் காணும்போது எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் அந்தக் கேள்விக்கான விடையில்தான் கதையே இருக்கிறது.

மனிதர் ஏந்தும் வாள் ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதே விகிதத்தில் 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்குப் பொருந்துவது அரை கிராம்கூட இல்லாத ஓர் ஊசிதான். ஓடும் கீரிக்கோ வாளைப் பற்ற வாய் மட்டுமே மிஞ்சுகிறது. அப்படியானால் வாளின் பிடி கடிப்பதற்கேற்ற மரமாக இருக்க வேண்டும், அதைக் கடித்த ஒவ்வொரு தலைமுறையின் பல்தடமும் அதில் பதிந்திருக்க வேண்டும். திருத்திய படியில் நாயகி இருட்டில் பிடியைக் கவ்வுகிறாள். பாட்டனாரின் கோரைப்பல் பதிந்த குழியில் அவளுடைய பல் சரியாக அமர்கிறது. குலச்சின்னத்தையும் முதியவர் சொல்லும் வரலாற்றையும் விளக்க நான் எழுதியிருந்த மூன்று அத்தியாயங்களை அந்த ஒரு கடி தேவையற்றதாக்கியது.

தலைமுறைக் கணக்கு

வெளியில் வாழும் சுண்டெலி பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அதன் கருக்காலம் மூன்றே வாரம். ஆகவே, "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனார்" என்று எழுதுமுன், உங்கள் உலகில் ஓர் எலியின் ஆயுள் எவ்வளவு என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

தீர்க்கதரிசனப் பாடல்

நீக்கிவிடுங்கள்.

பிறவித் தீயவர்கள்

பாம்பு என்பதற்காகவோ நரி என்பதற்காகவோ ஒருவரைக் கொடியவராக்க வேண்டாம். எதிரிக்கும் அந்த வாளின்மேல் நியாயமான உரிமை இருக்கட்டும். நரியின் பாட்டியும் அதே பிடியை ஒருகாலத்தில் கவ்வியிருக்கலாம்.