அயன்களின் ஆரையை ஒப்பிடுமுன் புரோத்தனை எண்ணுங்கள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களின் இரசாயனவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ஆவர்த்தன அட்டவணையில் சோடியம் ஒரு வரிசை கீழே இருப்பதால், சோடியம் அயன் (இலத்திரனை இழந்தோ ஏற்றோ மின்னேற்றம் பெற்ற அணுவே அயன்) புளோரைட்டு அயனைவிடப் பெரியது என்று எழுதிவிடுகிறார்கள். கீழே செல்லச் செல்ல ஆரை கூடும் என்பது ஒரே கூட்டத்துக்கு, அதாவது அட்டவணையின் ஒரே நிரலுக்கு, உரிய விதி. அதை இங்கே இழுத்து வரக் கூடாது.

அயன்களை ஒப்பிடும் வினா வந்தால், ஒவ்வொன்றின் கீழும் இலத்திரன் எண்ணிக்கையையும் புரோத்தன் எண்ணிக்கையையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இலத்திரன்கள் சமமாயின், புரோத்தன் கூடியதே சிறியது. ஏனெனில் அதே 10 இலத்திரன்களைப் புளோரைட்டில் 9 புரோத்தன்களும் அலுமினியம் அயனில் 13 புரோத்தன்களும் கவருகின்றன. ஒட்சைட்டு அயனின் ஆரை ஏறத்தாழ 140 பிக்கோமீற்றர், புளோரைட்டு 133, சோடியம் 102, மகனீசியம் 72, அலுமினியம் 54 என அது மளமளவென்று சுருங்குகிறது. எண்களை மனனஞ் செய்வது வீண்வேலை. வரிசை புரிந்தால் போதும்.

இலத்திரன் எண்ணிக்கை வேறுபட்டால், முதலில் ஓடுகளின், அதாவது கருவைச் சுற்றியுள்ள இலத்திரன் அடுக்குகளின், எண்ணிக்கையைப் பாருங்கள். நடுநிலை அணுக்களில் மட்டும் கல்லியத்திடம் சற்று எச்சரிக்கை தேவை: அதன் உள்ளோட்டிலுள்ள 3டி இலத்திரன்கள் கருவின் கவர்ச்சியைச் சரிவர மறைக்காததால், ஓர் ஓடு கூடுதலாக இருந்தும் அது தனக்கு மேலுள்ள அலுமினியத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கிறது.