முதலில் துவைப்பதை யோசியுங்கள்: வீட்டுக்கு ஏற்ற போர்வையைத் தேர்ந்தெடுக்கும் முறை

போர்வை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது, மடித்து அடுக்கியிருக்கும் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதுதான். கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், கையும் வியர்வையின்றி உலர்ந்திருக்கும், தடவும் நேரமோ ஐந்து விநாடிக்கு மேல் போகாது. இரவு முழுவதும் வியர்க்கும் உடம்போடு கிடக்கப்போகிற ஒரு பொருளைப் பற்றி அந்த ஐந்து விநாடியில் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு. வழவழப்பை மட்டும் நம்பி வாங்கிய, பஞ்சு வைத்துத் தைத்த கம்ஃபர்ட்டர் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு பரண் ஏறுவதும், கட்டிலில் அதே பழைய பருத்திப் போர்வை திரும்ப வந்து உட்காருவதும் பல வீடுகளில் நடப்பதுதான்.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. படுக்கையறைக்கு ஏசி பொருத்திய கையோடு, பார்க்க மேகம் போலிருந்த தடித்த கம்ஃபர்ட்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் சுகமாக இருந்தது, பிறகு துவைக்கும் நாள் வந்தது. 6.5 கிலோ சலவை இயந்திரத்தில் அதைத் திணித்தபோது கதவு எப்படியோ மூடிக்கொண்டது. ஆனால் ஓரங்கள் நனைந்து கனத்தனவே தவிர நடுப்பகுதிக்குள் தண்ணீர் போகவே இல்லை. பிழியும் சுற்றில் இயந்திரம் நகர்ந்துபோய்ச் சுவரில் இடித்தது. இருவராகத் தூக்கிச் சென்று மொட்டைமாடியில் போட்டால், பாரம் தாங்காமல் கொடி அறுந்தது. ஐப்பசி மழைக்காலம் வேறு. மூன்று நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது மேலே உலர்ந்திருந்தது, உள்ளே முக்கல் நாற்றம் அடித்தது, பஞ்செல்லாம் மூலைக்கு மூலை உருண்டை கட்டியிருந்தது. அன்று முதல், ‘இதை எதில் துவைப்பேன், எங்கே காயப்போடுவேன்’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே விலைச்சீட்டைப் புரட்டுகிறேன். துவைக்க முடியாத போர்வை துவைக்கப்படாமலேதான் கிடக்கும். வியர்வையும் தூசியும் ஏறிய போர்வை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சுகமான தூக்கத்தைத் தராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, நீங்கள் படுக்கும் அறை இரவில் எப்படி இருக்கிறது என்பது. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூடு வெளியேறிவிடாமல் அதன் இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் தடுக்கிறது. எனவே ஒரே எடையுள்ள தடித்த போர்வை ஒன்றைவிட, மெல்லிய போர்வை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவது நமக்குப் பெரும்பாலும் வசதியானது. நடுவில் ஒரு காற்றடுக்கு கிடைக்கிறது, வேண்டாதபோது ஒன்றை உதறவும் முடிகிறது. சென்னையில் மார்கழி, தை மாதங்களிலும் விடியற்கால வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மின்விசிறியின் கீழ் படுக்கிறவருக்கு அந்தக் குளிரில் ஒரு பருத்திப் போர்வை தாராளமாகப் போதும். ஏசி அறையின் கதை வேறு. 2020 முதல் இந்தியாவில் விற்கப்படும் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. அந்த அளவிலேயே வைத்துப் படுப்பவருக்குத் தடித்த கம்ஃபர்ட்டர் தேவையில்லை. பதினெட்டில் வைத்துவிட்டுக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்வது, மின்கட்டணம் கட்டி வரவழைத்த குளிரை இன்னொரு செலவு செய்து விரட்டுவதாகும். இரவு இரண்டு மணிக்கு ஏசி தானாக அணையும்படி வைத்திருந்தால், இரண்டு மெல்லிய போர்வைகள் என்ற ஏற்பாட்டின் அருமை மூன்று மணிக்குத் தெரியும்.

துணியைப் பொறுத்தவரை, நம் ஊர்க் காற்றின் ஈரமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆட்டுக்கம்பளி அதைப்போல் இரு மடங்கு இழுக்கும், பாலியஸ்டரோ அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. வியர்வை போவதற்கு இடமில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவே நிற்பதால்தான், கடையில் பட்டுப்போல் வழுக்கிய, நுண்ணிய பாலியஸ்டர் இழையாலான மைக்ரோஃபைபர் விரிப்பு நள்ளிரவில் பிசுபிசுக்கிறது. அது மலிவு, சுருங்காது, சீக்கிரம் காயும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மாற்றுக்கு ஒன்று வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அதைப் பருத்தி என்று நினைத்துப் பருத்தி விலை கொடுத்து வாங்கக் கூடாது. ‘கிளேஸ் காட்டன்’ என்ற பெயரில் இணையத்திலும் கடைத்தெருவிலும் விற்கப்படுவது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், காட்டன் என்பது அதன் பெயரில் மட்டுமே இருக்கிறது. சந்தேகம் வந்தால், வாங்கிய துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, ஒரு தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கருமணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்தே கிடைக்கும்.

மேலே போர்த்துவதற்கு என் முதல் தேர்வு எப்போதும் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையின் கைத்தறிப் போர்வைதான். புதிதாக வாங்கும்போது அது கஞ்சி விறைப்போடு இருக்கும், தடவிப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு கஞ்சி போய், நூல் தளர்ந்து, துணி மெல்லப் பூத்துவிடும். ஐந்தாண்டு துவைத்த சென்னிமலைப் போர்வையின் மென்மையை எந்தப் புதுத் துணியும் தருவதில்லை. அதைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெசவு சீராக இருந்தால் ஒளி எங்கும் ஒரே அளவில் கசியும். அங்கங்கே பட்டை பட்டையாக ஒளி கூடித் தெரிந்தால் குறுக்கே ஓடும் ஊடை நூல் சரியாக அடித்து இறக்கப்படவில்லை என்று பொருள், துவைக்கத் துவைக்க அந்த இடத்தில்தான் நூல் விலகும். வண்ணப் போர்வையென்றால், ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களில் தீபாவளியை ஒட்டி அரசுத் தள்ளுபடி 30 சதவீதம் வரை கிடைக்கும் என்பதால், அவசரமில்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம். அதே மாவட்டத்துப் பவானியின் ஜமக்காளத்தைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்த ஜமக்காளம் முரட்டு நூலில் நெய்யப்படும் தரை விரிப்பு, அது கீழே விரிப்பதற்கானது.

மெத்தை விரிப்பு வாங்கப் போனால் ‘திரெட் கவுண்ட்’ என்ற எண்ணைக் காட்டுவார்கள். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டினால் வரும் எண் அது. இருநூறுக்கும் நானூறுக்கும் இடைப்பட்ட எண் நம் வெயிலுக்குப் போதுமானது. ஆயிரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், பல புரிகளாக முறுக்கிய ஒரே நூலை ஒவ்வொரு புரியாகப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எண்ணைவிட நெசவு முக்கியம். பாவும் ஊடையும் ஒன்றுக்கு ஒன்று மேலும் கீழுமாகச் செல்லும் சாதாரண நெசவில் காற்று ஓடும், அது ‘பெர்கேல்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. பளபளக்கும் ‘சாட்டின்’ நெசவு உடம்பில் வழுக்கிக்கொண்டு விழும், சற்றுச் சூடாகவும் இருக்கும்.

இனி, பஞ்சு வைத்துத் தைத்தவை. ரஜாய், கம்ஃபர்ட்டர், டூவே என்று மூன்று பெயர்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகக் கடைகளில் சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறு பொருள்கள், துவைக்கும்போது அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ரஜாயில் இருப்பது பருத்திப் பஞ்சு. ஜெய்ப்பூர் ரஜாய் என்றால் நன்றாகக் கொட்டிய பஞ்சை மெல்லிய பருத்தித் துணிக்குள் பரப்பி நெருக்கமாகத் தைத்திருப்பார்கள், எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் உள்ளிருக்கும் பஞ்சு நனைந்தால் திரண்டுவிடும் என்பதால் அதை முக்கித் துவைக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கலாம், அவ்வளவுதான். கம்ஃபர்ட்டரில் பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சு இருக்கும். உறையும் பஞ்சும் சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதால் முழுதாகத்தான் துவைத்தாக வேண்டும். டூவே என்பது வெறும் உள்மெத்தை மட்டுமே, அதற்குப் பொத்தான் வைத்த தனி உறை உண்டு. உறையைத் தலையணை உறைபோலக் கழற்றித் துவைத்தால் போதும் என்பதால், துணி துவைப்பவரின் கண்ணோட்டத்தில் மூன்றிலும் இதுவே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. உறையின் உள் மூலைகளில் கட்டுவதற்கு நாடா இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், இல்லையேல் உள்மெத்தை இரவோடு இரவாகச் சுருண்டு காலடியில் கிடக்கும்.

இதே ஏற்பாட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையை நீளத்தில் இரண்டாக வெட்டி, அந்த இரண்டு துண்டுகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால், ஏறத்தாழ 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கொண்ட ஒரு விரிப்பு கிடைக்கும். இரண்டு பழம்புடவைகள் இருந்தால், இருவர் போர்த்தும் 90-க்கு 100 அங்குல ரஜாய்க்கு இருபுறமும் மூடும் உறை தயார். ஒரு பக்கத்தைத் தைக்காமல் விட்டு, ஒரு சாண் இடைவெளியில் நாடா வைத்துக் கட்டிக்கொள்ளலாம். அம்மாவின் புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துணியின் சுகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ஃபர்ட்டர்தான் வேண்டும் என்றால், ஜிஎஸ்எம் என்ற எண்ணைக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் பஞ்சு என்பதையே அது குறிக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். 90-க்கு 100 அங்குலம் என்பது ஏறத்தாழ 5.8 சதுர மீட்டர். 400 ஜிஎஸ்எம் என்றால் பஞ்சு மட்டுமே 2.3 கிலோ, மேலும் கீழுமான துணியைச் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும், நனைந்தால் பல மடங்காகும். அதே அளவில் 150 ஜிஎஸ்எம் எடுத்தால் பஞ்சு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஏசி அறைக்கு இது போதும், 300-க்கு மேற்பட்டவையெல்லாம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரியவை. சலவை இயந்திரத்தின் கிலோ அளவு சாதாரண உலர்ந்த துணிகளின் எடைக்குச் சொல்லப்படுவதே தவிர, காற்று நிறைந்த பஞ்சுப் பொதிக்கு அல்ல. உலர்ந்த கம்ஃபர்ட்டரை மடித்து உள்ளே வைத்தால், அதற்கு மேலே கையை நுழைக்கும் அளவுக்கு இடம் மிஞ்ச வேண்டும். தையல் கோடுகளையும் பாருங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், சில துவைப்புகளிலேயே பஞ்சு நகர்ந்துவிடும்.

தூசியால் தும்மல், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. படுக்கையில் பெருகும் தூசிப் பூச்சிகள் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் மடியும். வெள்ளைப் பருத்தி விரிப்பு அந்தச் சூட்டைத் தாங்கும். பஞ்சு வைத்த பலவற்றின் சீட்டில் 30 அல்லது 40 டிகிரிதான் போட்டிருக்கும், எனவே வாங்கும் முன்பே அந்தச் சீட்டைப் படித்துவிடுங்கள்.

ஆட்டுக்கம்பளி மலையூர்களுக்கு நல்லது, சமவெளியில் முதியவர்கள் சிலருக்குத் தேவைப்படலாம். உறுத்தினால் கீழே ஒரு பருத்தித் துணியைச் சேர்த்துப் போர்த்தலாம். அதைப் பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடுவது வழக்கம். அப்படி எடுத்த கம்பளியை நன்கு துவைத்து, வாடை போகும்வரை காற்றாட விடாமல் கைக்குழந்தையின் அருகில் கொண்டுபோகக் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையிலுள்ள நாஃப்தலீன் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தளர்வான போர்வையோ ரஜாயோ தலையணையோ வேண்டவே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. துணி முகத்தை மூடினால் விலக்கும் வலு அதற்கு இல்லை. குளிர்ந்தால் உடுப்பைக் கூட்டுங்கள்.

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் செல்லும் பிள்ளைக்கு இங்கிருந்து ரஜாய் கட்டி அனுப்ப வேண்டியதில்லை. அங்கே டூவேயின் கதகதப்பை ‘டாக்’ என்ற அளவில் குறிக்கிறார்கள். 4.5 கோடைக்கு, 10.5 பெரும்பாலான மாதங்களுக்கு, 13.5 கடுங்குளிருக்கு. அறைக்குள் வெப்பமூட்டும் வசதி இருக்குமானால் 10.5 போதும். இங்கே அழகாக இருக்கிறதென்று உறையை மட்டும் வாங்கி அனுப்புகிறவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். அங்கே இருவர் டூவே 200-க்கு 200 சென்டிமீட்டர், நம்முடைய 90-க்கு 100 அங்குல உறை 229-க்கு 254 சென்டிமீட்டர். உள்மெத்தை அதற்குள் தொலைந்துபோகும்.

அளவு பற்றிய பிழை நம் கட்டில்களிலும் நடக்கிறது. 60 அங்குல அகலக் கட்டிலுக்கு 60 அங்குலப் போர்வை என்று வாங்கினால், இருவரில் ஒருவருக்கு முதுகு வெளியே இருக்கும். பக்கத்துக்கு ஓர் அடியாவது தொங்க வேண்டும், அதோடு பருத்தி முதல் துவைப்பில் சில அங்குலம் சுருங்கவும் செய்யும். இதற்கு என் வீட்டில் கண்ட தீர்வு, இருவர் போர்வையையே வாங்காமல் 60-க்கு 90 அளவில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. இழுபறி இல்லை, ஒருவருக்குக் குளிரும் மற்றவருக்குப் புழுக்கமும் என்றால் தடிமனையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். துவைக்கும் நாளில் இரண்டையும் ஒருவரே பிழிந்து, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், சித்திரை வெயிலில் ஒரு பகலுக்குள் காயவைத்து எடுத்துவிடலாம்.